சோனோபஸ்: சாத்துவாச்சாரில ஏத்துன பாட்டு குடியாத்தத்துல எறங்குது

மூணு மாசமா யூஸ் பண்ணிக்கினு இருக்கேன், சரி ஒரு ரிவ்யூ எழுதிடலாம்னு ஒக்காந்தேன். சோனோபஸ்னு ஒரு சாஃப்ட்வேர். காசு கெடையாது, ஓப்பன் சோர்ஸ், நடுவுல வெளம்பரமும் வராது. நம்ம கம்ப்யூட்டர்ல ரீப்பர், க்யூபேஸ் மாதிரி பாட்டு ரெக்கார்டு பண்ற சாஃப்ட்வேர்ல ஓடிக்கினு இருக்குற பாட்ட வேற ஊர்ல இருக்குறவங்க காதுக்கு அந்த நேரத்துலயே கொண்டுபோயி சேக்குறதுதான் அதோட வேல. கேக்க இன்னாடா பெரிய விஷயம்னு தோணும். இத கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நான் பட்ட அவஸ்தைய சொன்னாதான் உங்களுக்கு வெளங்கும், அதே எடத்துல நெறைய பேரு இன்னும் மாட்டிக்கினு முழிச்சிக்கினு இருக்காங்கன்னு எனக்கு தெரியும்.

நம்ம கத இது. வேலூர் சாத்துவாச்சாரில வீட்டு மாடில ஒரு ரூம், ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், ரெண்டு இன்புட் வெச்ச ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்க கம்ப்யூட்டரோட சேக்குற பொட்டி), ரீப்பர், அவ்ளோதான் ஸ்டுடியோ. கல்யாண வீடியோவுக்கு மியூசிக், ஊர் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு, இதுதான் பொழப்பு. இந்த வருஷம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு ஆறு பாட்டு பண்ணி தரேன்னு ஒத்துக்கிட்டேன். வைகாசி ஒண்ணாம் தேதி சிரசு, அதாவது அம்மன் தலைய ஊர்வலமா எடுத்துக்கினு வர்ற நாளு, அதுக்கு ஒரு நாள் முன்னாடி தந்தாலும் வேஸ்ட், ஏன்னா மைக்செட்டுக்காரங்க பத்து நாளைக்கு முன்னாடியே பாட்டு போட ஆரம்பிச்சிடுவாங்க. பாட்டு எழுதுறது குடியாத்தத்துல இருக்குற எங்க மாமா, தறி வேல பாத்தவரு, அந்த காலத்துல கூத்துல பின்பாட்டு பாடுனவரு, காது கத்தி மாதிரி. கீபோர்டும் மிக்சிங்கும் சென்னைல இருக்குற என் மச்சான்.

மொதல்ல எல்லாம் நான் பென்டிரைவ பாக்கெட்ல போட்டுக்கினு பைக்ல போவேன். வேலூர்ல இருந்து குடியாத்தம் போற ரோட்டுல சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஹெல்மெட்டு போட்டுக்கினு போனவங்களுக்கு தெரியும் அது இன்னா தண்டனைன்னு. போயி ஒக்காந்து மோர் குடிச்சிட்டு பாட்ட போட்டா மாமா கண்ண மூடிக்கினு கேட்டுட்டு "உடுக்கை கொஞ்சம் முன்னால நிக்குது மாப்ள, அம்மன் பேரு கேக்கல"ன்னு சொல்லுவாரு. அவ்ளோதான். அந்த ஒரு வரிக்கு போக வர எழுபது கிலோமீட்டர். திரும்பி வந்து ரெண்டு டெசிபல் கொறச்சிட்டு மறுபடி போணும்.

வாட்சப்ல அனுப்ப வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அனுப்பனேன். "அந்த தாயேன்னு வர்ற எடத்துல ஏதோ இடிக்குது"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. அந்த பாட்டுல தாயேன்னு பதினாலு எடத்துல வருது.

அதனால லைவ்வா கேக்க வெச்சி, அவர் "நிறுத்து, இங்கதான்"னு சொல்ற எடத்துல நிறுத்தி, அங்கயே திருத்தி மறுபடி போட்டு காட்டணும். எல்லாரும் பண்ற மாதிரி ஒரு வீடியோ மீட்டிங் ஆப்ப தொறந்து ஸ்க்ரீன் ஷேர் போட்டு "கம்ப்யூட்டர் சவுண்டையும் ஷேர் பண்ணு"ன்னு டிக் அடிச்சி ப்ளே அமுக்குனேன். எனக்கு ஹெட்போன்ல சூப்பரா கேக்குது. மாமா சொல்றாரு, "இன்னா மாப்ள, பச்ச கோடு எல்லாம் மேல கீழ ஆடுது, சத்தமே காணும்". ஆப்ப மூடி தொறந்தேன், கம்ப்யூட்டர ரீஸ்டார்ட் பண்ணேன், இன்டர்ஃபேஸ் ஒயர புடுங்கி சொருவுனேன். ஒரு மணி நேரம் போச்சு. யூடியூப்ல ஏதாவது போட்டா அவருக்கு கேக்குது, ரீப்பர்ல போட்டா கேக்கல. அங்கதான் எனக்கு பொறி தட்டுச்சி.

விஷயம் இன்னான்னா ஏசியோ. 1997ல ஸ்டெயின்பெர்க் கம்பெனி கொண்டாந்த டிரைவர் மொற அது, சாஃப்ட்வேரும் சவுண்ட் கார்டும் பேசிக்கிற ஒரு வழி, என் ரீப்பர் ஓடுனது அதுலதான். விண்டோஸ்ல யூடியூப், பிரவுசர், கேம் எல்லாத்தோட சத்தமும் விண்டோஸோட மிக்சருக்குள்ள போயி அங்க ஒண்ணா கலந்துதான் ஸ்பீக்கருக்கு வரும். ஏசியோ மட்டும் அந்த பக்கமே எட்டி பாக்காம நேரா சவுண்ட் கார்டுக்கு போயிடும், லேட்டன்சி, அதாவது சத்தம் வர்ற லேட்டு, கம்மியா இருக்கணும்னுதான் அப்டி செஞ்சி வெச்சிருக்காங்க. மீட்டிங் ஆப்பு கம்ப்யூட்டர் சவுண்ட புடிக்கிறது விண்டோஸ் மிக்சர்ல இருந்து. பைபாஸ்லயே போற பஸ்சுக்கு பழைய பஸ் ஸ்டாண்டு உள்ள நின்னுக்கினு காத்துக்கினு இருந்தா எப்டி வரும். நெட்டு நல்லாதான் இருந்துச்சி, ஆப்பு மேலயும் தப்பு இல்ல, ரீப்பர் மேலயும் தப்பு இல்ல, ரெண்டும் வேற வேற ரோட்டுல போவுது.

சரின்னு ரீப்பர்ல ஏசியோவ எடுத்துட்டு விண்டோஸோட சொந்த வழியான வாசாபி ஷேர்டு மோடுக்கு மாத்துனேன். அதுல விண்டோஸ் மிக்சர் வழியா போவும், மத்த ஆப்பும் கூடவே ஓடலாம். மாமாவுக்கு சத்தம் போயி சேந்துச்சி. ஆனா மாமா வாய தொறந்தா பாட்டு பொசுக்குன்னு அமுங்குது, அவர் நிறுத்துனா மறுபடி ஏறுது. இதுக்கு காரணம் கண்டுபிடிக்க ரெண்டு நாளு. விண்டோஸ் பழைய கன்ட்ரோல் பேனல்ல சவுண்ட் உள்ள போனா கம்யூனிகேஷன்ஸ்னு கடைசி டேப் ஒண்ணு இருக்கும், அதுல கால் வந்தா மத்த சத்தத்த 80 சதவீதம் கொறச்சிடுன்னு டிக் ஆயிருக்கும். "ஒண்ணும் பண்ணாத"ன்னு மாத்துனா சரியாயிடும். இத படிக்கிறவங்க சோனோபஸ் போடலன்னாலும் பரவால்ல, இந்த ஒரு டிக்க போயி மாத்திக்கோங்க.

அதுக்கப்புறம் வர்ச்சுவல் கேபிள் ஒண்ண போட்டு பாத்தேன், அதாவது ரீப்பர் அவுட்புட்ட மைக்கு மாதிரி ஆப்புக்கு காட்டுற வித்த. அது இன்னும் மோசமா முடிஞ்சிது, கேபிள் மேல தப்பு இல்ல, மைக்கு வழியா போற எதையும் அந்த ஆப்பு பேச்சுன்னு நெனச்சி சுத்தம் பண்ண ஆரம்பிச்சிடுது. ஒரே சீரா ஓடுற சத்தம் இருந்தா ஃபேன் சத்தம்னு நெனச்சி தொடச்சி எடுத்துடும். எங்க பாட்டுல ஒரே சீரா ஓடுறது இன்னா? சுருதிப்பெட்டி! அத காணும். பம்பை அடிக்கிற எடத்துல யாரோ கதவ தட்றாங்கன்னு நெனச்சி பாதி அடிய முழுங்கிடுச்சி. மாமாவுக்கு கேட்டது குரலும் நடுநடுவுல டொப்பு டொப்புன்னு ஏதோவும். அவர் பாவம், "புது மாதிரி பண்ணிக்கிற போல, நல்லாதான் கீது"ன்னு சொல்லிட்டாரு. அத கேட்டப்பதான் எனக்கு அழுகையே வந்துடுச்சி. இதோட சாம்பிள் ரேட்டும் ஒத்துப்போவல, அந்த கேபிள் 48 கிலோஹெர்ட்ஸ்ல இருக்குது, ப்ராஜெக்ட் 44.1ல இருக்குது, காஞ்ச எண்ணெய்ல கடுகு போட்ட மாதிரி பட்பட்னு வேற.

ஜூம்ல "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிசியன்ஸ்"னு ஒரு வழி இருக்குது, அத ஆன் பண்ணி ஹை ஃபிடிலிட்டியும் ஸ்டீரியோவும் டிக் அடிச்சி எக்கோ கேன்சலேஷன எடுத்துட்டா இந்த சுத்தம் பண்ற வேல எல்லாம் நின்னுடும். ஒரு வாட்டி கேக்க வெக்கணும்னா அதுவே போதும். மேக் வெச்சிருக்குறவங்க பிளாக்ஹோல்னு ஒண்ணு போட்டு மல்டி அவுட்புட் டிவைஸ் பண்ணிக்கிறாங்க. எஃப்எல் ஸ்டுடியோக்காரங்களுக்கு அதுகூடவே வர்ற எஃப்எல் ஸ்டுடியோ ஏசியோவ செலக்ட் பண்ணாலே மத்த ஆப்பும் சேந்து ஓடும். என் கேசு டெய்லி நைட்டு ரெண்டு மணி நேரம், ஏசியோவ விட்டுட்டு வாசாபிலயே ஒக்காந்தா லேட்டு அதிகமாயி எனக்கு வாய்ஸ் ரெக்கார்டு பண்ண முடியல.

அப்பதான் சென்னை மச்சான் சொன்னான், "டேய் நீ சத்தம் வெளிய வந்த அப்புறம் புடிக்க பாக்குற, உள்ள இருக்கும்போதே புடி"ன்னு. இந்த ஒரு வரிதான் மேட்டரு. சோனோபஸ்ஸ ப்ளகினா, அதாவது ரீப்பருக்குள்ளயே சொருவுற குட்டி சாஃப்ட்வேரா போடலாம், விஎஸ்டி3, மேக்ல ஏயு, எல்லாம் இருக்குது. எல்லா சத்தமும் ஒண்ணா சேர்ற மாஸ்டர் ட்ராக்ல ஈக்யூ, லிமிட்டர் போடற மாதிரி கடைசியா இதயும் ஒரு ப்ளகினா போட்டா ரீப்பருக்குள்ளயே சத்தத்த எடுத்து நெட்டுல அனுப்பிடும். ஏசியோவா வாசாபியா, விண்டோஸ் மிக்சர் இன்னா செய்யுது, எதுவும் அதுக்கு தேவையே இல்ல. டிப்போலயே ஏறிட்டா பஸ் எந்த ரோட்ல போனா நமக்கு இன்னா.

மாமா கிட்ட பேர சொன்னப்ப, "எந்த பஸ்சு மாப்ள, குடியாத்தம் வருமா?"ன்னு கேட்டாரு. வரும் மாமா, நேரா உங்க வீட்டு திண்ணைக்கே வரும்னேன்.

செட்டப்பு ரொம்ப ஈசி. ஒரு குரூப் பேரு, ஒரு பாஸ்வேர்டு, உங்க பேரு, கனெக்ட். அக்கவுண்ட் தொறக்குறது, மெயிலு, ஓடிபி, ஒரு மண்ணும் கெடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாத்துலயும் வருது, மாமா பையன் அவர் போன்ல அஞ்சு நிமிஷத்துல ஏத்தி குடுத்துட்டான். ஜெஸ்ஸி சாப்பல்னு ஒருத்தர்தான் இத எழுதுனவரு, எங்கயோ இருக்குற அந்த மனுஷனுக்கு எங்க மாமா இப்ப கெங்கையம்மன் கிட்ட அர்ச்சனை பண்ணிக்கினு இருக்காரு.

ஈசின்னு சொன்னேன், ஆனா மொத நாளு எனக்கு கனெக்டே ஆவல, அதுக்கு காரணம் நான்தான். ப்ளகின் ரீப்பருக்குள்ள ஓடுது இல்லயா, அதனால விண்டோஸ் ஃபயர்வால் கேக்கும்போது சோனோபஸ்னு கேக்காது, "ரீப்பர் நெட்டுக்கு போலாமா"ன்னு கேக்கும். நான் ரீப்பருக்கு எதுக்கு நெட்டுன்னு கேன்சல் குடுத்துட்டேன். அப்புறம் ஃபயர்வால் செட்டிங்குல போயி ரீப்பர அலோ பண்ண ஒடனே மச்சான் பேரு வந்து நின்னுச்சி.

மாமா மட்டும் மொபைல் டேட்டால வரவே இல்ல, அவர் வீட்டு வைஃபைக்கு மாத்துனதும் வந்துட்டாரு. இதுக்கும் காரணம் இருக்குது. சோனோபஸ்ல நடுவுல இருக்குற சர்வர் கல்யாண தரகர் மாதிரி, ரெண்டு வீட்டையும் அறிமுகம் பண்ணி வெச்சிட்டு ஒதுங்கிடும், பாட்டு எல்லாம் நம்ம கம்ப்யூட்டர்ல இருந்து அவர் போனுக்கு நேரா போவும். மொபைல் நெட்வொர்க்ல ஆயிரம் பேர ஒரே அட்ரஸுக்கு பின்னால அடச்சி வெச்சிருப்பாங்க, அதனால சில நேரம் நேரா கதவ தட்ட முடியாது. அப்டி ஆச்சுன்னா மல்லுக்கட்டாதீங்க, வேற நெட்டுக்கு மாறுங்க.

நேரா போறதுல இன்னொரு கணக்கு இருக்குது. மூணு பேரு கேக்குறாங்கன்னா உங்க லைன்ல இருந்து மூணு காப்பி தனித்தனியா போவும், டவுன்லோடு ஸ்பீட பாத்து பூரிச்சி போவாதீங்க, அப்லோடுதான் முக்கியம். இதுல ஓபஸ்னு ஒரு கம்ப்ரஷன் இருக்குது, 2012ல ஸ்டாண்டர்டா வந்தது, கம்மி லேட்டன்சிக்குன்னே செஞ்சது. நான் மாமாவுக்கு ஒரு சேனலுக்கு 128 கேபிபிஎஸ் வெச்சிருக்கேன், ஸ்டீரியோவுக்கு 256, மணிக்கு சுமார் 115 எம்பி ஆவும். மச்சான் மிக்ஸ் பண்றவன், அதனால அவனுக்கு மட்டும் கம்ப்ரஸ் பண்ணாத பிசிஎம் 24 பிட் அனுப்புறேன், 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 2.3 எம்பிபிஎஸ், மணிக்கு ஒரு ஜிபிக்கு கொஞ்சம் மேல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா குவாலிட்டி வெக்கலாம்ங்கறது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். மாமா மொபைல் இயர்போனுக்கு 24 பிட் அனுப்பி இன்னா ஆவப்போவுது.

இப்ப நான் பண்ண பெரிய கூத்த சொல்றேன். மாஸ்டர்ல ப்ளகின் போட்டா நம்ம சத்தம் வெளிய போறது மட்டும் இல்ல, அவங்க பேசுறதும் அதே ப்ளகின் வழியா மாஸ்டருக்குள்ள வரும். நான் அத யோசிக்கல. ஒரு பாட்டு முடிஞ்சிது, எல்லாம் கனெக்ட் ஆயிருக்கும்போதே 1எக்ஸ் ஸ்பீட்ல (பாட்டு ஓடுற அதே வேகத்துல) ரெண்டர் போட்டு, அதாவது ஃபைலா மாத்தி, மைக்செட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன். மறுநாள் அவரு போன் பண்றாரு, "தம்பி, ரெண்டாவது சரணத்துல ஒரு பெரியவரு இருமுறாரு, அப்புறம் காபில சக்கர இல்லன்னு சொல்றாரு, அது பாட்டுல சேத்திதானா?"ன்னு. மானம் போச்சு. அன்னில இருந்து மாஸ்டர்ல போடறதில்ல. ரீப்பர்ல மானிட்டரிங் எஃப்எக்ஸ்னு ஒரு செயின் இருக்குது, அதுல போட்டா நமக்கு கேக்கும், அவங்களுக்கும் போவும், ரெண்டர்ல மட்டும் வராது. ரீப்பர் வெச்சிருக்குறவங்க இத மட்டும் மறக்காதீங்க. வேற சாஃப்ட்வேர்ல கன்ட்ரோல் ரூம் மாதிரி ஏதாவது இருந்தா அதுல போடுங்க, இல்லன்னா ரெண்டருக்கு முன்னாடி ப்ளகின ஆஃப் பண்ணுங்க.

இன்னொண்ணு, ப்ளே நிறுத்திட்டு மாமா எழுதி அனுப்புன வரிய பாக்க வாட்சப் பக்கம் போனா லைன் கட் ஆயிடும். நெட்ட திட்டிக்கினு இருந்தேன். பாத்தா ரீப்பர் ஆடியோ செட்டிங்குல, நிறுத்தி இருக்கும்போது வேற விண்டோவுக்கு போனா ஆடியோ டிவைஸ மூடிடுன்னு ஒரு டிக். அத எடுத்தேன், "ரன் எஃப்எக்ஸ் வென் ஸ்டாப்டு" ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கிட்டேன், தீந்துது.

ஜிட்டர் பஃபர்னு ஒரு விஷயம் இருக்குது, புதுசா வர்றவங்க இதுல கொழம்புவாங்க. நெட்டுல பாட்டு துண்டு துண்டா போவும், எல்லா துண்டும் ஒரே நேரத்துக்கு வராது. பந்தில எல போட்டு ஆளு நெறையற வரைக்கும் பரிமாறாம வெயிட் பண்றோம் இல்ல, அதுதான் பஃபர். கம்மியா வெச்சா சீக்கிரம் கேக்கும் ஆனா நடுவுல பட்பட்னு ஓட்ட விழும், அதிகமா வெச்சா கொஞ்சம் லேட்டா ஆனா சுத்தமா கேக்கும். ஆட்டோல விட்டா அதுவே ஏத்தி எறக்கும். பாட்ட கேட்டு கருத்து சொல்றதுக்கு இருநூறு மில்லிசெகண்ட் லேட்டானா ஒண்ணும் குடி முழுகாது, நான் மாமாவுக்கு மேனுவல்ல நல்லா தாராளமாவே வெச்சிட்டேன். இந்த ஓட்ட விழுறதுக்கு முக்காவாசி காரணம் நம்ம வீட்டு வைஃபைதான். எங்க தெருவுல போன்ல வைஃபை லிஸ்ட்ட தொறந்தா கல்யாண பத்திரிகை மாதிரி பேரு நீளமா வரும், எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல முட்டி மோதிக்கினு இருக்குது. மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தேன், அன்னில இருந்து நிம்மதி. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ்சும் வாங்கி வெச்சிக்கோங்க, சித்திரை மாசம் நைட்டுல கரண்ட்டு எப்ப போவும்னு அந்த அம்மனுக்குதான் தெரியும்.

ஹெட்போன் கட்டாயம். சோனோபஸ் எக்கோ கேன்சல் பண்ணாது, நாய்ஸ் கொறைக்காது, அது வேணும்னே அப்டி, அதனாலதான் சுருதிப்பெட்டி தப்பிக்குது. ஆனா மாமா ஸ்பீக்கர்ல போட்டு கேட்டாருன்னா என் பாட்டே அவர் மைக்கு வழியா எனக்கு திரும்பி வரும், மலைக்கோட்டையில நின்னு கத்துன மாதிரி. ப்ளூடூத்தும் வோணாம். ப்ளூடூத்துல லேட்டு தனியா சேரும், அது கூட போவட்டும், மைக்கு ஆன் ஆனதும் அது பாட்டு கேக்குற மோட விட்டுட்டு போன் பேசுற மோடுக்கு எறங்கிடும், ஸ்டீரியோ போயி மோனோ, மேல கீழ எல்லாம் வெட்டி, பழைய ட்ரங்கால் மாதிரி. மாமா ஒரு நாளு பேரன் வாங்கி குடுத்த புது இயர்பட்ஸ போட்டுக்கினு வந்துட்டு "இன்னா மாப்ள இன்னிக்கி சிலம்பு சத்தத்தயே எடுத்துட்ட"ன்னு ஒரே சண்ட. நான் எடுக்கவே இல்ல. லாங் பஜார்ல வாங்குன ஒயர் இயர்போன போட்ட ஒடனே சிலம்பு திரும்பி வந்துடுச்சி.

சரி, ஒண்ணா சேந்து வாசிக்க முடியுமா? எல்லாரும் இததான் கேப்பாங்க. நாங்களும் ஆசைப்பட்டு பாத்தோம். குடியாத்தத்துல மாமா வீட்ல பம்பைக்காரர வர வெச்சி, நான் இங்க இருந்து ஹார்மோனியம், ஒண்ணா தாளம் போடலாம்னு. நாலு ஆவர்த்தம் தாண்டல, ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் வெயிட் பண்ணி வெயிட் பண்ணி பாட்டு மாட்டு வண்டி மாதிரி ஆயிடுச்சி. காத்துல சத்தம் ஒரு மீட்டர் போவ சுமார் 3 மில்லிசெகண்ட் ஆவும். கூத்துல பாருங்க, முகவீணை, மத்தளம், ஹார்மோனியம் எல்லாம் ஆடுறவங்க முதுகுக்கு பின்னால ஒட்டிக்கினு ஒக்காந்திருப்பாங்க, அஞ்சாறு மில்லிசெகண்டுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். 30 மில்லிசெகண்ட்னா பத்து மீட்டர் தள்ளி ஒக்காந்து வாசிக்கிற கணக்கு, அதுக்கு மேல போனா தாளம் நழுவும். என் பஃபர், அவர் போன், ரெண்டு பக்கம் நெட்டு, நடுவுல ஜிட்டர் பஃபர்னு எல்லாம் சேந்தா எங்களுக்கு நூறுக்கு மேல போயிடுது. ரெண்டு பக்கமும் ஃபைபர், லேன் கேபிள், நல்ல இன்டர்ஃபேஸ் எல்லாம் அமைஞ்சி, பக்கத்து பக்கத்து ஊருன்னா முடியலாம், போன்ல முடியாது. இத சோனோபஸ்ஸோட கொறையா நான் சொல்ல மாட்டேன், ஆனா அத நம்பி எறங்காதீங்க.

அதுக்கு நாங்க புடிச்ச வழி வேற. பம்பைக்காரரு இயர்போன்ல என் ட்ராக்க கேட்டுக்கினே வாசிக்கிறாரு, அவர் பக்கத்துல தனியா இன்னொரு போன்ல அவர் சத்தம் மட்டும் ரெக்கார்டு ஆவுது, கடைசில அந்த வேவ் ஃபைல அனுப்பிடுவாரு. ஆரம்பத்துல தாளத்துக்கு ஓடுற கிளிக் சத்தத்தோட சேத்து நாலு தட்டு தட்ட சொல்லிடுவேன், ரீப்பர்ல அந்த தட்ட வெச்சி நகத்தி ஒக்கார வெச்சிக்கலாம். நெட்டுல வந்தத ஃபைனலா யூஸ் பண்றதில்ல. சாம்பிள் ரேட்ட மட்டும் ரெண்டு பக்கமும் கேட்டுக்கோங்க, 44.1ல எடுத்தத 48ன்னு தப்பா நெனச்சி ஓட்டுனா வேகமும் ஏறும், சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் கட்ட ஏறிடும், பம்பைக்கு பரவால்ல, பாடுனவரு கேட்டா அடிக்க வருவாரு.

கொறைன்னா, பாட்டு போற வழில என்கிரிப்ஷன் கெடையாது, அவங்களே சொல்லிடுறாங்க. எங்க அம்மன் பாட்ட ஒட்டு கேட்டு யாரு இன்னா பண்ணப் போறாங்க, ஆனா சினிமா வேல பண்றவங்க யோசிக்கணும். போன்ல அந்த ஸ்க்ரீன் ரொம்ப பொடி பொடியா இருக்குது, அறுவது வயசு தாண்டுன ஆளுக்கு அத்தன நாப் தேவையா? மாமா ஒரு வாட்டி ம்யூட்ட அமுக்கிட்டு இருபது நிமிஷம் தனியா பாடிக்கினு இருந்தாரு. கேக்குறவரு எதயும் இன்ஸ்டால் பண்ணாம பிரவுசர்ல லிங்க்க தட்டுனாலே கேக்கணும்னா ஆடியோமூவர்ஸோட லிசன்டூ இருக்குது, அது மாசாமாசம் காசு கட்டுற கேசு. கிளையன்ட்டு பெரிய ஆளுன்னா அதுக்கு போங்க. எனக்கு அஞ்சுக்கு நாலரை, அந்த அரைய ம்யூட் பட்டனுக்காக கொறச்சிக்கினேன்.

நாலாவது பாட்டுல நடந்தத மட்டும் சொல்லிடுறேன். சிரசு ஊர்வலம் வர்ற எடத்துக்கு நான் பம்பை, உடுக்கை, சிலம்பு, கோரஸ் எல்லாத்தயும் ஒண்ணா எறக்கி இருந்தேன், மச்சானும் "மாஸ் டா"ன்னு சொல்லிட்டான். மாமா கேட்டாரு. "நிறுத்து மாப்ள. சிரசு தேர் மாதிரி ஆடிக்கினு வரும்போது அத்தன மேளத்துக்கு நடுவுல ஒரு நொடி எல்லாம் அடங்கி அந்த அம்மா மொகம் மட்டும் தெரியும். அந்த நொடி இதுல எங்க?"ன்னு கேட்டாரு. சாத்துவாச்சாரில நான், சென்னைல மச்சான், ரெண்டு பேரும் பேசல. அங்கயே நாலு அடி எல்லாத்தயும் ம்யூட் பண்ணிட்டு சுருதியும் ஒரு சிலம்பும் மட்டும் விட்டு திரும்பி போட்டேன். அந்த பக்கம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிடுச்சின்னு மீட்டர பாத்தேன், மீட்டர் லேசா ஆடுது, மாமா மூக்க உறிஞ்சுற சத்தம். மீட்டிங் ஆப்பா இருந்தா அத நாய்ஸ்னு எடுத்திருக்கும்.

திருவிழா முடிஞ்சிது, ஆறு பாட்டும் ஓடுச்சி. இப்ப ஆடி மாசத்துக்கு கூழ் ஊத்துற பாட்டு ரெண்டு போயிக்கினு இருக்குது. இன்னிக்கி நைட்டு ஒம்போது மணிக்கு செஷன். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் மாமா போன் பண்ணாரு, இயர்போன் ஒயர எலி கடிச்சிடுச்சாம், பேரனோட ப்ளூடூத்த போட்டுக்கட்டுமான்னு கேக்குறாரு. வோணாம் மாமா, கடை மூடறதுக்குள்ள ஒண்ணு வாங்கியாங்கன்னு சொல்லிக்கினே இருக்கேன், அதுக்குள்ள வெச்சிட்டாரு.